வேலையின்மை வீதம்: ஓர் எண்ணின் வரலாறும் அதை ஒப்பிடும் முறையும்

ஒவ்வொரு மாதமும் கனேடியப் புள்ளிவிபரத் திணைக்களம் ஓர் எண்ணை வெளியிடுகின்றது. வேலையின்மை வீதம் ஏறியது என்றோ இறங்கியது என்றோ அன்றைய செய்திகள் யாவும் அதனைச் சொல்கின்றன. இந்த எண்ணைக் கேட்டு எம்மவர் பலர் பெரிய முடிவுகளை எடுப்பதை நாம் கண்டு வருகின்றோம். "அந்த மாகாணத்தில் வேலையின்மை குறைவாம்" என்ற ஒரு பேச்சை நம்பி, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை மாற்றி, இருந்த வீட்டையும் உறவுகளையும் விட்டு, ஆயிரம் மைல் அப்பால் குடிபெயர்ந்த குடும்பங்கள் உண்டு. மறுபுறம், "இங்கே வேலையின்மை கூடிவிட்டது, இனி எமக்கு எங்கே வேலை" என்று முயற்சியைக் கைவிட்டோரும் உண்டு. இரு சாராரும் நம்பியது ஒரே எண்ணை. ஆனால் அந்த எண் யாரைக் கணக்கிடுகின்றது, யாரை விட்டுவிடுகின்றது என்பதை எண்ணிப் பார்த்தோர் சிலரே. ஆதலால் அதன் வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குதல் பயனுடையது எனக் கருதுகின்றோம்.

எம்மைக் காத்த கரையின் கதை

கனடாவின் கிழக்கு முனையில், அத்திலாந்திக் சமுத்திரத்துள் நீட்டிக்கொண்டிருக்கும் நியூபவுண்ட்லாந்துத் தீவை எம்மவர் மறத்தல் இயலாது. 1986 ஓகஸ்ட் மாதத்தில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் கடலில் விடப்பட்டு அலைந்த 155 தமிழர்களை, சென். ஷொட்ஸ் என்னும் சிற்றூருக்கு அப்பாலுள்ள கடலில், மூடுபனிக்கிடையே கண்டு காப்பாற்றியவர்கள் அத்தீவின் மீனவர்களே. இவர்கள் எந்நாட்டவர், எம்மொழியினர், எப்படி வந்தனர் என்ற வினாக்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டு, முதலில் கயிற்றை வீசிய மக்கள் அவர்கள்.

அந்தக் கரையின் வாழ்வு கொட் எனப்படும் மீனை நம்பியது. ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளாக ஐரோப்பியரை அக்கரைக்கு இழுத்ததும் அம்மீனே. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் வந்த பெரிய இழுவைக் கப்பல்கள் கடலின் அடிவரை வலையிட்டு அள்ளின. மீன் அருகியது. 1992 யூலை 2ஆம் திகதி, சமஷ்டி அரசின் மீன்பிடி அமைச்சர் ஜோன் குரொஸ்பி, தாமும் அத்தீவின் மகனாயிருந்தும், வடபகுதிக் கொட் மீன்பிடிக்குத் தடை விதிப்பதாக அறிவித்தார். மீனவர்களும் மீன் பதனிடும் ஆலைகளின் தொழிலாளர்களுமாக ஏறத்தாழ 30,000 பேர் வேலையிழந்தனர். கனேடிய வரலாற்றில் ஒரே தடவையில் நிகழ்ந்த மிகப் பெரிய ஆட்குறைப்பு இதுவென்பர். இரண்டு ஆண்டுகளுக்கென்று விதிக்கப்பட்ட தடை முப்பத்திரண்டு ஆண்டுகள் நீடித்து, 2024ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது.

1992, 1993ஆம் ஆண்டுகளில் நியூபவுண்ட்லாந்தின் வேலையின்மை வீதம் 20 சதவீதத்தை ஒட்டி நின்றது. அதே காலத்தில் கனடா முழுவதற்குமான வீதம் 11 சதவீதத்தைச் சற்றுக் கடந்திருந்தது. எம்மவர் பெருந்தொகையாகக் குடியேறிக்கொண்டிருந்த ஒன்ராறியோவிலும் 11 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. அங்கே ஐவரில் ஒருவர், இங்கே ஒன்பதின்மரில் ஒருவர். இங்குள்ள நிலை அங்குள்ளதில் பாதி மோசம் என்று இதிலிருந்து முடிவுகட்டலாமா? அப்படிச் சொல்லுமுன் இந்த எண் எப்படிப் பிறந்தது என்பதை அறியவேண்டும்.

எண் இல்லாதிருந்த காலம்

1930களின் பெருமந்தக் காலத்தில் கனடாவில் எத்தனை பேர் வேலையற்றிருந்தனர் என்பதை அன்றைய அரசு திட்டமாக அறிந்திருக்கவில்லை. மாதந்தோறும் கணக்கெடுக்கும் வழக்கம் அப்போது இல்லை. குடிசன மதிப்பீடு, தொழிற்சங்கங்களின் அறிக்கை, உதவிப்பணம் பெறுவோரின் தொகை ஆகியவற்றைக்கொண்டு பின்னாளில் அறிஞர்கள் மதிப்பிட்டனர். 1933ஆம் ஆண்டுக்கு ஒரு மதிப்பீடு 19 சதவீதம் என்கின்றது. இன்னொன்று நாலில் ஒரு பங்குக்கும் மேல் என்கின்றது. இரண்டும் பிழையல்ல. கமக்காரரையும் அவர்தம் குடும்பத்தாரையும் சேர்த்துத் தொழில் செய்வோர் யாவரையும் கீழே வைத்து வகுத்தால் வீதம் சிறிதாகின்றது. கூலிக்கு வேலை செய்வோரை மட்டும் கீழே வைத்து வகுத்தால் பெரிதாகின்றது. துன்பம் ஒன்றே, வகுத்த முறை வேறு.

அக்காலத்தில் குடும்பமற்ற இளைஞர்களைக் காடுகளிலும் மலைகளிலும் அமைத்த நிவாரண முகாம்களில் தங்கவைத்து, வீதி வெட்டவும் மரம் தறிக்கவும் விட்டு, நாளொன்றுக்கு 20 சதம் கொடுத்தனர். பொறுக்கமாட்டாத இளைஞர்கள் 1935ஆம் ஆண்டில் சரக்குப் புகையிரதங்களின் கூரைகளில் ஏறி ஒட்டாவாவை நோக்கிப் புறப்பட்டனர். யூலை முதலாந் திகதி றெஜைனா நகரில் அவர்கள் பொலிசாரால் தடுக்கப்பட்டுக் கலவரம் மூண்டது. அப்போது கனடாவோடு இணையாதிருந்த நியூபவுண்ட்லாந்தில் நிலைமை இன்னும் கொடிது. அங்கு நாளொன்றுக்கு ஓர் ஆளுக்கு 6 சதம் பெறுமதியான உணவுப் பொருளே உதவியாக வழங்கப்பட்டது. 1934இல் அத்தீவு தன் சுயாட்சியையே இழந்தது.

இத்துன்பத்தின் பாடமாக வந்ததே வேலையற்றோர் காப்புறுதிச் சட்டம். 1935இல் இயற்றிய சட்டம் மாகாணங்களின் அதிகாரத்தில் தலையிடுகின்றது என்று நீதிமன்றங்களால் தள்ளுபடி செய்யப்பட்டது. அரசியல் யாப்பையே திருத்தி, 1940இல் புதிய சட்டத்தை நிறைவேற்றினர். போர் முடியும் தறுவாயில், திரும்பிவரும் படையினருக்கு வேலை கிடைக்குமா என்ற அச்சம் எழுந்தது. அதை அறிய ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. 1945 நவம்பர் மாதத்தில் தொழிற்படை அளவீடு தொடங்கியது. முதலில் மூன்று மாதத்துக்கொரு தடவையும், 1952 நவம்பர் முதல் மாதந்தோறும் அது நடத்தப்பட்டு வருகின்றது.

யார் வேலையற்றவர்?

வேலையற்றோர் காப்புறுதிப் பணம் பெறுவோரை எண்ணித்தான் இந்த வீதத்தைக் கணக்கிடுகின்றனர் என்று எம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. நாடெங்கும் தெரிந்தெடுத்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் மாதந்தோறும் கேள்வி கேட்டே இதனைக் கணக்கிடுகின்றனர். ஒரு குடும்பம் ஆறு மாதங்கள் இவ்வளவீட்டில் இருக்கும். பொதுவாக மாதத்தின் 15ஆம் திகதி விழும் வாரமே கணக்குக்குரிய வாரம்.

15 வயதுக்கு மேற்பட்டோர் மூன்று கூறாகப் பிரிக்கப்படுகின்றனர். அந்த வாரத்தில் ஒரு மணித்தியாலமேனும் கூலிக்கோ இலாபத்துக்கோ வேலை செய்தவர் வேலையுள்ளவர். வேலையின்றி, கடந்த நான்கு வாரங்களில் வேலை தேடி, வேலை கிடைத்தால் செய்ய ஆயத்தமாயிருப்பவர் வேலையற்றவர். தற்காலிகமாக நிறுத்தப்பட்டு மீள அழைப்பை எதிர்பார்ப்போரும், விரைவில் புதிய வேலை தொடங்க இருப்போரும் இவர்களோடு சேர்க்கப்படுவர். ஏனையோர் தொழிற்படைக்கு வெளியே நிற்பவர். 1982ஆம் ஆண்டு சர்வதேசத் தொழில் தாபனத்தின் புள்ளிவிபரவியலாளர் மாநாடு உலகுக்கு வகுத்த இலக்கணமும் இதனை ஒத்ததே: வேலையில்லாமை, வேலைக்கு ஆயத்தம், வேலை தேடல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமையவேண்டும்.

வேலையற்றோரை மேலேயும், வேலையுள்ளோரையும் வேலையற்றோரையும் கூட்டிக் கீழேயும் வைத்து வகுத்து நூறால் பெருக்கினால் வருவதே வேலையின்மை வீதம். வகுப்பறையில் பின்னம் கற்பித்த நாட்களில் "கீழேயுள்ள எண்ணைக் கவனி" என்று நாம் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னதுண்டு. இங்கும் அதுவே முதற்பாடம்.

இரண்டு ஊர்களைக் கற்பனை செய்வோம். இரண்டிலும் வளர்ந்தோர் ஆயிரம் பேர். முதலாம் ஊரில் 540 பேருக்கு வேலை உண்டு, 60 பேர் தேடுகின்றனர். 600க்கு 60, ஆகவே வீதம் 10. இரண்டாம் ஊரில் 368 பேருக்கு வேலை உண்டு, 32 பேர் தேடுகின்றனர். 400க்கு 32, ஆகவே வீதம் 8. செய்தியை மட்டும் கேட்பவர் இரண்டாம் ஊருக்கே பெட்டி கட்டுவார். ஆனால் அங்கே ஆயிரம் பேரில் 368 பேருக்கே வேலை. முதலாம் ஊரில் 540 பேருக்கு. எஞ்சியோர் முதியோராகவோ, மாணவராகவோ, தேடித்தேடிக் களைத்து விட்டவராகவோ இருக்கலாம்.

முதலாம் ஊரில் தேடிக்கொண்டிருந்த 60 பேரில் 20 பேர் மனம் சோர்ந்து தேடுவதை நிறுத்திவிட்டனர் என்று கொள்வோம். இப்போது 580க்கு 40. வீதம் ஏழுக்கும் சற்றுக் கீழே இறங்கிவிடும். ஒருவருக்கேனும் புதிதாக வேலை கிடைக்கவில்லை. எண் மட்டும் முன்னேறிவிட்டது. நிலைமை திருந்தத் தொடங்கும்போது இதன் மறுபக்கத்தையும் காணலாம். நம்பிக்கை பிறந்து பலர் மீண்டும் தேடத் தொடங்குவதால் வீதம் ஏறும்.

இது வெறும் கணக்கன்று. கொரோனாப் பெருந்தொற்றால் கடைகளும் தொழிற்சாலைகளும் மூடப்பட்ட 2020 ஏப்ரலில் கனடாவின் வேலையின்மை வீதம் 13 சதவீதமாயிற்று. வேலையிழந்தும், எல்லாம் பூட்டிக்கிடந்த நிலையில் தேடாதிருந்தோரைச் சேர்த்தால், அது மேலும் நான்கைந்து புள்ளிகள் உயர்ந்திருக்கும்.

நியூபவுண்ட்லாந்துக்கு இதனைப் பொருத்திப் பார்த்தால், அங்கே 20 சதவீதம் என்ற எண்ணும் துன்பத்தைக் குறைத்தே காட்டியது என்பது விளங்கும். அத்தீவில் தொழிற்படையில் நிற்போரின் பங்கே நாட்டுச் சராசரியைவிடப் பல புள்ளிகள் குறைவாயிருந்தது. ஆலை ஒன்றே உள்ள கரையோரக் கிராமத்தில் அவ்வாலை மூடப்பட்ட பின்னர் எதைத் தேடுவது? தேடாதவர் கணக்கில் வரார். ஆகவே ஓர் ஊரை இன்னோர் ஊரோடு ஒப்பிடும்போது, வேலையின்மை வீதத்தோடு, வளர்ந்தோரில் எத்தனை பேருக்கு வேலை உண்டு என்னும் வீதத்தையும் சேர்த்தே பார்க்கவேண்டும். அவ்வெண்ணும் அதே அறிக்கையில் வெளிவருகின்றது.

நாடுகளை ஒப்பிடுகையிலும் இக்கவனம் வேண்டும். கனடா பத்திரிகை விளம்பரங்களைப் பார்த்ததையும் வேலை தேடியதாகக் கொள்கின்றது. அமெரிக்கா விண்ணப்பித்தோ விசாரித்தோ இருந்தால்தான் தேடியதாகக் கொள்கின்றது. கனடா 15 வயதிலிருந்தும் அமெரிக்கா 16 வயதிலிருந்தும் எண்ணுகின்றன. 1990களில் இரு நாட்டு வீதங்களுக்கிடையே காணப்பட்ட வேறுபாட்டில் ஏறத்தாழ ஒரு புள்ளி இத்தகைய இலக்கண வேறுபாட்டால் வந்தது.

கணக்கில் வராதோர்

கனேடிய அளவீடு ஒதுக்கப்பட்ட நிலங்களில் வாழும் ஆதிக்குடிகளைச் சேர்ப்பதில்லை. இந்நாட்டின் முதல் மக்கள், வேலையின்மை மிகக் கொடிதாயுள்ள இடங்களிற் பலவற்றில் வாழ்வோர், மாதந்தோறும் சொல்லப்படும் எண்ணுக்கு வெளியே நிற்கின்றனர்.

எம்மைப் போன்ற வந்தேறு குடிகளின் நிலை வேறுவிதமானது. நாம் எண்ணப்பட்டோம், ஆனால் தனித்துக் காட்டப்படவில்லை. பிறந்த நாட்டையும் குடியேறிய ஆண்டையும் மாதாந்த அளவீடு 2006ஆம் ஆண்டிலிருந்தே கேட்கத் தொடங்கியது. அதற்கு முன்னர் ஐந்தாண்டுக்கொருமுறை வரும் குடிசன மதிப்பீட்டிலேதான் புதியவர்களின் வேலையின்மையைத் தனியாகக் காணமுடிந்தது. ஆகவே 1990களின் மந்தத்தில் ஒன்ராறியோவின் 11 சதவீதம் என்ற எண், இருபது ஆண்டு அனுபவமுள்ள ஆங்கிலம் பேசும் தொழிலாளியையும் நேற்று வந்திறங்கிய அகதியையும் ஒன்றாக்கிய சராசரி. 1989இல் அம்மாகாணத்தின் வீதம் 5 சதவீதமாயிருந்தது. மூன்று ஆண்டுகளில் அது இரட்டித்த வேளையிலேயே எம்மவரிற் பெருந்தொகையினர் வந்து இறங்கினர் என்பதையும் நினைவிற் கொள்க. அன்று வேலை கிடைக்காமற் போனதைத் தம் திறமைக் குறைவென்று எண்ணி உள்ளம் குன்றிய தகப்பன்மார் பலர். ஆண்டைப் பார்த்திருந்தால் அவர்கள் தம்மை அவ்வளவு நொந்துகொண்டிருக்க மாட்டார்கள்.

எம் தாயகத்தின் கதையும் இங்கு சொல்லத்தக்கது. இலங்கையில் காலாண்டுத் தொழிற்படை அளவீடு 1990இல் தொடங்கியது. போர் நடந்த பெரும்பாலான ஆண்டுகளில் வடமாகாணம் அதிற் சேர்க்கப்படவில்லை. கிழக்கும் நெடுங்காலம் விடப்பட்டிருந்தது. 2011ஆம் ஆண்டிலேயே எல்லா மாவட்டங்களும் உள்ளடக்கப்பட்டன. கடலில் இறங்கத் தடையிருந்த மீனவரும், தோட்டத்தை விட்டு இடம்பெயர்ந்த கமக்காரரும், பூட்டிய சீமெந்துத் தொழிற்சாலையின் தொழிலாளரும் இல்லாமலே "இலங்கையின் வேலையின்மை வீதம்" ஆண்டுதோறும் உலகுக்குச் சொல்லப்பட்டு வந்தது.

எண்ணே சட்டமாகும் இடம்

உள்ளூர் வேலையின்மை வீதம் கனடாவில் செய்தியாக மட்டும் நிற்பதில்லை. ஒரு குடும்பத்தின் கைக்கு வரும் பணத்தையும் அது தீர்மானிக்கின்றது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எட்டு வாரம் வேலை செய்தோர் எங்கிருந்தாலும் காப்புறுதிக்கு விண்ணப்பிக்கலாம். 1977இல் இது மாறியது. வேலையின்மை கூடிய பகுதியில் 10 வாரமும் குறைந்த பகுதியில் 14 வாரமும் வேலை செய்திருக்கவேண்டும் என்று, உள்ளூர் வீதமே வாசற்படியாக வைக்கப்பட்டது. 1996ஆம் ஆண்டில் பெயரும் தொழிற் காப்புறுதி என மாறி, வாரத்துக்குப் பதிலாக மணித்தியாலம் கணக்கானது. அச்சட்டத்தின் அடிப்படை விதிப்படி, வீதம் 6க்கு மேற்படாத பகுதியில் 700 மணித்தியாலம் வேலை செய்திருக்கவேண்டும். வீதம் ஒவ்வொரு புள்ளி ஏற 35 மணித்தியாலம் குறைந்து, 13க்கு மேற்பட்ட பகுதியில் 420 மணித்தியாலம் போதும். பணம் கிடைக்கும் வாரங்களின் தொகையும், 14 முதல் 45 வரை, அவ்வாறே வேறுபடும். மந்தக் காலங்களில் அரசு இவ்விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்துவதுண்டு. 2020 முதல் 2022 வரை அவ்வாறு செய்தது.

மீன்பிடிக் கரைகளுக்கு இவ்வேற்பாடு உயிர்நாடி. பருவத்துக்கு மட்டும் வேலையுள்ள கிராமத்தில் 700 மணித்தியாலம் கிடைப்பது அரிது. அதை நாம் குறைகூற வரவில்லை. ஆனால் "உள்ளூர்" என்ற சொல்லின் அகலத்தை வாசகர்கள் கவனிக்கவேண்டும். காப்புறுதிப் பகுதிகள் நாடு முழுவதற்கும் அறுபதை ஒட்டியவையே. ரொறன்ரோப் பெருநகர் ஒரே பகுதி. வங்கித் தெருவில் வேலை நிறைந்திருக்க, ஸ்காபரோவில் தொழிற்சாலை மூடப்பட்டாலும், இரண்டுக்கும் ஒரே வீதம், ஒரே வாசற்படி. அளவீட்டில் ஒரு நகரின் குடும்பங்கள் சிலவே அகப்படுவதால், நகரங்களுக்கான வீதம் மூன்று மாதச் சராசரியாகவே வருகின்றது. ஆகவே சென்ற வாரம் மூடப்பட்ட ஆலை அதில் முழுதாகத் தெரிவதற்கும் காலம் செல்லும்.

அதோடு, தொழிற்படைக்குப் புதிதாக வந்தோர் 910 மணித்தியாலம் வேலை செய்திருக்கவேண்டும் என்ற விதியும் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. அகதியாய் வந்து முதல் வேலையிற் சேர்ந்தவர் இவ்விதிக்குள் அகப்பட்டார். ஏஜென்சி மூலம் இங்கொரு மாதம் அங்கொரு மாதம் என்று வேலை செய்து, காப்புறுதிக்குரிய பணம் சம்பளத்தில் வெட்டப்பட்டும், நிறுத்தப்பட்டபோது ஒரு சதமும் பெறாதோர் எம்மிடையே பலர். 2016இல் இவ்விதி நீக்கப்பட்டது. 1990இன் அளவில் வேலையற்றோரில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் காப்புறுதிப் பணம் பெற்றனர். அந்தப் பத்தாண்டின் முடிவில் பாதிப்பேர்கூடப் பெறவில்லை. வேலையின்மை வீதம் குறைந்துகொண்டு வந்த ஆண்டுகளிலேயே இது நடந்தது.

எண்ணைக் கேட்கும்போது கேட்கவேண்டியவை

நியூபவுண்ட்லாந்தின் வீதம் 1990களின் முடிவில் 17 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. இதற்குக் காரணம் என்ன? 1991ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 568,474 ஆயிருந்த மாகாணத்தின் சனத்தொகை 2001இல் 512,930 ஆகக் குறைந்தது. இளையோர் அல்பேர்ட்டாவுக்கும் ஒன்ராறியோவுக்கும் புறப்பட்டனர். ஊரை விட்டுப் போனவர் ஊரின் கணக்கிலிருந்தும் போய்விடுகின்றார். எம்மைக் கடலிலிருந்து தூக்கிய கைகளின் சொந்தக்காரரும், அவர்தம் பிள்ளைகளும், எம்மைப்போலவே பெட்டி கட்டவேண்டி வந்தது. வீதம் குறைந்தது என்ற செய்திக்குப் பின்னால் வெறுமையான வீடுகளும் இருக்கக்கூடும் என்பதை ஊரிழந்த எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

ஆகவே அடுத்த முறை இவ்வெண்ணைக் கேட்கும்போது சில வினாக்களை எழுப்புங்கள். இது எந்த ஊருக்குரிய எண், அந்த ஊர் எவ்வளவு அகலமானது? ஒரு மாத எண்ணா, மூன்று மாதச் சராசரியா? சென்ற ஆண்டு இதே மாதத்தில் எவ்வளவு? வளர்ந்தோரில் எத்தனை பேருக்கு வேலை உண்டு? அதில் முழுநேர வேலை எவ்வளவு? எம்மைப்போல் அண்மையில் வந்தோரின் வீதம் அங்கே எவ்வளவு? ஊர் மாற எண்ணும் குடும்பம், புறப்படுமுன் அங்குள்ள உறவினரிடமோ நண்பரிடமோ தாம் செய்யக்கூடிய வேலைக்கு அங்கே ஆள் எடுக்கின்றனரா என்று விசாரிப்பது நன்று. மாகாண வீதம் வைத்தியருக்கும் ஒன்றுதான், உணவகத்தில் கோப்பை கழுவுவோருக்கும் ஒன்றுதான்.

வேலை நிறுத்தப்பட்டோர் தம் பகுதியின் வீதம் அன்று எவ்வளவு, எத்தனை மணித்தியாலம் தேவை என்பதைச் சேவை அலுவலகத்தில் கேட்டறிந்து உடனே விண்ணப்பிக்கவேண்டும். வேலைப் பதிவேட்டை முதலாளியிடம் கேட்டுப் பெறுவதற்குக் கூச்சப்படவேண்டாம். அது நீங்கள் உழைத்த மணித்தியாலங்களின் சாட்சி. அளவீட்டுக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினாலோ தொலைபேசியில் அழைத்தாலோ, குடிவரவு அதிகாரியென்று அஞ்சி ஒளியவும் வேண்டாம். புள்ளிவிபரத் திணைக்களம் தனி ஆளின் விபரத்தை வேறு எந்த அலுவலகத்துக்கும் கொடுப்பதைச் சட்டம் தடுக்கின்றது. எண்ணப்படாத மக்களுக்கு எந்தத் திட்டமும் வருவதில்லை என்பதைத் தாயகத்தில் கண்டோம். இங்காவது நாம் எண்ணப்படுவோமாக.